டாசன் கிரீக்கிலிருந்து ஆர்க்டிக் கடல் வரை: எங்கே ஓட்டுவது, எங்கே நிறுத்துவது

கனடாவின் கால்கரியில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கேள்வி இது. கணவன், மனைவி, 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. கையில் 14 நாள் விடுமுறை. அலாஸ்கா ஹைவேயில் ஏறி, யூகான் பிரதேசத்தைக் கடந்து, டெம்ப்ஸ்டர் ஹைவே வழியாக ஆர்க்டிக் கடலோரத்தில் இருக்கும் டக்டொயாக்டக் வரை காரிலேயே போய்த் திரும்ப முடியுமா, வழியில் கரடி, மூஸ் என்ற பெரிய மான், கரிபூ என்ற துருவ மான் எல்லாம் பார்க்கக் கிடைக்குமா, ஜூலை நல்லதா ஆகஸ்ட் நல்லதா என்று கேட்டிருக்கிறார்கள்.

முடியுமா என்றால் முடியும். போகலாமா என்றால், 14 நாளில் வேண்டாம். அந்தப் பக்கம் நான்கு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை உங்களைப் போலவே பிளான் போட்டுப் போய், ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் நினைவில்லாமல் திரும்பினேன்.

கணக்கைப் பாருங்கள். கால்கரியிலிருந்து எட்மண்டன் வழியாக டாசன் கிரீக் ஏறத்தாழ 880 கிலோமீட்டர். அலாஸ்கா ஹைவேயின் மைல் பூஜ்யம் அங்கேதான். அங்கிருந்து யூகானின் தலைநகர் வைட்ஹார்ஸ் 1,400 சொச்சம். வைட்ஹார்ஸிலிருந்து டெம்ப்ஸ்டர் பிரிகிற முனை வரை இன்னும் 500. அதற்கு மேல் டெம்ப்ஸ்டரில் இனுவிக் வரை 736, இனுவிக்கிலிருந்து டக் (டக்டொயாக்டக்கின் சுருக்கம்) வரை கிட்டத்தட்ட 140. ஒரு வழிக்கே 3,700 வந்துவிடுகிறது. போகவர 7,400. அதில் 1,750 கிலோமீட்டர் சரளைக்கல் ரோடு. நாளுக்குச் சராசரி 530 என்று பார்த்தால் பெரிதாகத் தெரியாது. சரளையில் 60, 70க்கு மேல் போக முடியாது, எல்லா நாளும் ஓட்டினால் எந்த நாளில் கரடி பார்ப்பது? (பெயர்க் குழப்பம் ஒன்று: டாசன் கிரீக் வேறு, டாசன் சிட்டி வேறு. நடுவில் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். ஹோட்டல் புக் பண்ணும்போது மாற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.)

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடலைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் வைட்ஹார்ஸ் வரை விமானத்தில் போய், அங்கே வண்டி எடுத்து, டெம்ப்ஸ்டருக்கு மட்டும் எட்டு ஒன்பது நாள் கொடுங்கள். விலங்குதான் முக்கியம் என்றால் கடலை மறந்துவிட்டு, அலாஸ்கா ஹைவேயில் வைட்ஹார்ஸுக்கு மேற்கே இருக்கிற க்ளுவானி ஏரி வரை சாவகாசமாகப் போய்த் திரும்புங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். வடக்கே போகப் போக விலங்கு கூடிக்கொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ரோட்டோரத்தில் அதிகம் தென்படுவது பாதி வழியிலேயே, ஃபோர்ட் நெல்சனுக்கும் வாட்சன் லேக்குக்கும் நடுவில் இருக்கிற 500 சொச்சம் கிலோமீட்டரில்.

ஏன் அங்கே? பாதி காரணம் உப்பு. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற இந்தக் காடுகளில் இலை தழையில் சோடியம் மிகக் குறைவு. பனிக்காலம் முழுக்கக் குச்சியைக் கடித்துக் கிடந்த மூஸுக்கும் மலையாட்டுக்கும் வசந்தம் வந்ததும் உப்புப் பசி. மூஸ் குளத்துக்குள் இறங்கித் தலையை முக்குவது அதற்குத்தான்: நீருக்கடியில் வளரும் செடிகளில் கரைச் செடிகளைவிடச் சோடியம் கூடுதல். மலையாடுகள் மண் சரிந்த இடங்களில் தாது மண்ணை நக்குகின்றன. குளிர்காலத்தில் ரோட்டில் போட்ட உப்பின் மிச்சத்தைத் தேடிக் கரிபூவும் ஆடும் ரோட்டுக்கே வந்துவிடும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சொல்வதை இவை நாக்கால் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மீதிப் பாதி காரணம் புல். ரோட்டின் இருபுறமும் காட்டை அகலமாக வெட்டி வைத்திருப்பதால் அங்கே வெயில் படுகிறது, டாண்டெலியனும் குளோவரும் மண்டுகின்றன. ஜூனில் கருங்கரடி பசுவைப் போல அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். கரடி என்றால் உறுமும் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகவே வரைபடத்தில் ஊர்களைக் குறிக்காமல் உப்பையும் குளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட் நெல்சன் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஸ்டோன் மவுண்டன் பூங்கா. சம்மிட் லேக் பக்கம் அலாஸ்கா ஹைவேயின் உச்சி, ஏறத்தாழ 1,295 மீட்டர். இங்கே கரிபூ ரோட்டிலேயே நிற்கும். ஸ்டோன் ஆடு என்ற சாம்பல் பழுப்பு நிற மலையாட்டை அங்கேயும், அடுத்து வரும் மன்ச்சோ ஏரிக் கரையிலும் பார்க்கலாம். மன்ச்சோவின் நிறம் பச்சை மரகதம், 12 கிலோமீட்டர் நீளம். ரோடு ஒரு பக்கம் பாறையையும் மறுபக்கம் தண்ணீரையும் ஒட்டிப் போகிறது. ஆடுகள் வளைவில் வந்து நிற்கும். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு வளைவில் பிரேக் போடுகிற முட்டாள்தனத்தை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளி வண்டி ஒதுக்க இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்தி, வண்டிக்குள் இருந்தபடியே பாருங்கள்.

மன்ச்சோ தாண்டியதும் லியார்ட் வெந்நீர் ஊற்று. மரப்பலகைப் பாதையில் சதுப்பு நிலத்தின் மேலே நடந்து போக வேண்டும். ஊற்று கொதித்து வரும் பக்கம் 50 டிகிரியைத் தொடும். தள்ளிப் போகப் போகச் சூடு குறையும். அம்மாவுக்கு இந்த ஊற்று மட்டும் போதும், முழு பயணத்துக்கும் வாழ்த்துவார். பாதையோரச் சதுப்பில் காலை வேளையில் மூஸ் நிற்பதுண்டு. ஆனால் 1997ல் இதே இடத்தில் ஒரு கருங்கரடி இரண்டு பேரைக் கொன்றிருக்கிறது. பூங்காக் காவலர்கள் மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது, விவாதிக்காதீர்கள்.

லியார்டுக்கும் வாட்சன் லேக்குக்கும் இடையில்தான் காட்டெருமை. மரக்காட்டு பைசன் என்று சொல்லும் இனம். வட அமெரிக்காவின் தரைவிலங்குகளில் இதுதான் பெரியது, முழு வளர்ச்சி பெற்ற காளை 900 கிலோ வரை. அடியோடு அழிந்துவிட்டதாகவே ஒரு காலத்தில் நினைத்தார்கள். இந்தப் பக்கம் நீங்கள் பார்ப்பவை 1990களில் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். இப்போது ரோட்டோரப் புல் முழுக்க அவற்றின் ராஜ்யம்.

என் இரண்டாவது பயணத்தில் மாமியார் முன்சீட்டில் இருந்தார். பின்சீட்டில் பிள்ளைகள் டேப்லெட்டில் குனிந்திருந்தார்கள். "தம்பி, எருமை படுத்திருக்குப் பாருங்க" என்றார். கரும்பாறை என்று நினைத்து நான் கடந்து போயிருப்பேன். ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தோம். காளை எழுந்தது. ஜூன் மாதம், பழைய ரோமம் கிழிந்த கம்பளி போல விலாவில் தொங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோர மண்ணில் முழங்காலை மடக்கி விழுந்து ஒரு புரளல். எழுந்து உதறியபோது எழுந்த புழுதி கார் கண்ணாடியில் வந்து படிந்தது. 30 மீட்டர் இருக்கும். மூச்சு விடும் சத்தம் மூடிய ஜன்னலுக்குள் கேட்டது. அப்புறம் எங்கிருந்தோ பசுக்களும் செம்பழுப்பு நிறக் கன்றுகளுமாக இருபது பேர் வந்து ரோட்டை அடைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த பெரிய லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில் பழகியவர் என்று தெரிந்தது. காளையின் வால் நட்டுக்கொண்டு நின்றால் அது கோபம், வண்டியை மெல்லப் பின்னுக்கு எடுங்கள் என்று அவர்தான் பிறகு சொல்லிக்கொடுத்தார்.

இதிலிருந்து இரண்டு யோசனை. ஒன்று, அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். இரண்டு, ஆகஸ்ட் கடைசிக்கு மேல் இருட்டிய பிறகு இந்தப் பகுதியில் ஓட்டவே வேண்டாம். கறுப்பு ரோட்டில் கறுப்பு உடம்பு, ஹெட்லைட்டுக்கு மின்னுவதற்கு எதுவும் இல்லை. மூஸ் வேறு விதமான ஆபத்து: அது நம் கடமானைவிட இரண்டு மூன்று மடங்கு கனம், நெட்டைக் கால். கார் மோதினால் காலைத்தான் தட்டும். அந்த 500 கிலோ உடம்பு நேராகக் கண்ணாடி வழியாக உள்ளே வரும்.

வாட்சன் லேக்கில் பெயர்ப்பலகைக் காட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம், அரை மணி போதும். 1942ல் ரோடு போட வந்த கார்ல் லிண்ட்லி என்ற அமெரிக்கச் சிப்பாய் ஊர் ஏக்கத்தில் இலினாய் மாநிலத்துத் தன் ஊர் டான்வில் எவ்வளவு தூரம் என்று ஒரு பலகை அடித்து வைத்தார். இன்று பல்லாயிரம் பலகைகள். உங்கள் ஊர்ப் பெயரை எழுதி ஒன்று கொண்டுபோனால் ஆணி அடிக்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இந்த ரோடே ஒரு போர்க்கால அவசரம். ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், அலாஸ்காவுக்குத் தரைவழி வேண்டும் என்று 1942 மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபருக்குள் முரட்டுத்தனமாக வழி வெட்டி முடித்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பின வீரர்கள். அவர்களின் உழைப்பைப் பற்றிப் பல காலம் யாரும் பேசவில்லை. அவசரத்தில் ஒரு பாடமும் கற்றார்கள். தரைக்கடியில் ஆண்டு முழுக்க உறைந்திருக்கிற மண்ணின் மேல் பாசியை வழித்து எடுத்துவிட்டு ரோடு போட்டதும், வெயில் பட்டு அடிமண் உருகி, புல்டோசர் முழுகுகிற சேறாகிவிட்டது. பாசிதான் அந்த மண்ணுக்குப் போர்வை. டெம்ப்ஸ்டருக்கு வரும்போது இது நினைவிருக்கட்டும்.

வைட்ஹார்ஸில் பலசரக்கு, டயர், மருந்து எல்லாம் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு நாள் துணி துவைத்து, தூங்கி எழுந்து, மேற்கே க்ளுவானி போங்கள். கனடாவின் மிக உயர்ந்த சிகரமான லோகன், 5,959 மீட்டர், அங்கிருக்கும் க்ளுவானி பூங்காவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் ரோட்டிலிருந்து தெரியாது. தெரிவது ஷீப் மவுண்டன். ஏரியின் தென்முனையில், சரிவு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அசையாத புள்ளி கல், அசைகிற புள்ளி டால் ஆடு. பைனாகுலர் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மொத்தப் பயணத்தில் கேமரா லென்ஸைவிட ஒரு நல்ல பைனாகுலர்தான் பயன்படும், முடிந்தால் ஆளுக்கொன்று. ஆடுகள் மே, ஜூனில் கீழே இருக்கும். கோடை ஏற ஏற அவையும் மேலே ஏறிவிடும்.

அந்த மலையடிவாரத்தில் நின்றால் இன்னொன்றும் பார்க்கலாம். ஸ்லிம்ஸ் என்ற ஆறு பனியாற்றிலிருந்து உருகி வந்து க்ளுவானி ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தது. 2016ல் காஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்கிச் சுருங்கியதில், உருகிய நீர் வேறு பக்கம் வழி கண்டுபிடித்துத் தெற்கே அலாஸ்கா வளைகுடாவுக்குப் போய்விட்டது. சில நாட்களில் ஆறு கிட்டத்தட்ட வற்றியது. இப்போது காற்றடித்தால் அந்தப் படுகையிலிருந்து புழுதிப்படலம் எழுந்து மலையை மறைக்கிறது. நாங்கள் போன அன்று ஆடு தெரியவில்லை, புழுதிதான் தெரிந்தது.

இனி டெம்ப்ஸ்டர். கடல் வரை போகிறவர்களுக்கு.

டாசன் சிட்டிக்கு 40 கிலோமீட்டர் முன்னால் பிரிகிறது. 1979ல் திறந்தார்கள். உறைமண் உருகாமல் இருக்க, மண்ணைத் தொடாமல் அதன் மேலேயே ஒரு மீட்டருக்கு மேல் தடிமனாகச் சரளையைக் கொட்டி மேடாக ரோடு போட்டிருக்கிறார்கள். அதனால் ரோடு அணைக்கட்டு மாதிரி உயரமாக ஓடும், ஓரம் சரிவு. எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி நில்லுங்கள், அவர் போகட்டும். இல்லையென்றால் கண்ணாடியில் கல் விழும். மழை பெய்தால் ரோட்டில் புழுதிக்காகத் தெளிக்கிற கால்சியம் குளோரைடு சேறாகி, சோப்பு தேய்த்த தரை மாதிரி வழுக்கும். அன்று பேசாமல் கேம்ப்பிலேயே இருங்கள்.

டயர் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பயணத்தில் வாடகை வண்டி. டெம்ப்ஸ்டர் போகலாமா என்று கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்டேன், தாராளமாக என்றார்கள். ஒப்பந்தத்தின் நான்காவது பக்கத்தில் சரளை ரோட்டில் எந்தச் சேதத்துக்கும் இன்சூரன்ஸ் கிடையாது என்று எழுதியிருந்ததைப் படித்தது, ஓகில்வி ஆற்றைத் தாண்டி வலது பின்டயர் போன பிறகு. அந்த ரோட்டுக்கல் கத்தி மாதிரி. பேரிங் போல உருண்டையாக இருக்காது. டிக்கியில் இருந்தது மெல்லிய தற்காலிக ஸ்பேர். முட்டி போட்டு நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது, மூன்றடி தள்ளி ஒரு தரை அணில் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்து "சிக்-சிக்" என்றது. ஆர்க்டிக் கடலோரப் பழங்குடிகளான இனுவியாலுயிட் மக்கள் அதை சிக்சிக் என்றுதான் அழைக்கிறார்கள். வேறு சாட்சி யாருமில்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு பிக்அப் வந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் இறங்கி ஜாக்கைப் பிடித்துக்கொண்டார். ஈகிள் பிளெய்ன்ஸ் வரை 40ல் உருட்டிக்கொண்டு போய், டயரை ஒட்டி வாங்கி, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

எனவே: முழு அளவு ஸ்பேர் டயர் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நிம்மதி. தடித்த லாரி ரக டயர் போட்ட வண்டி. பஞ்சர் ஒட்டும் கிட், பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர். சரளை ரோட்டுக்கு எழுத்தில் அனுமதி. டெம்ப்ஸ்டர் பிரிகிற முனையில் டேங்கை நிரப்பினால் அடுத்த பெட்ரோல் 369வது கிலோமீட்டரில் ஈகிள் பிளெய்ன்ஸ், அப்புறம் ஃபோர்ட் மெக்ஃபர்சன், அப்புறம் இனுவிக். போன் சிக்னல் ஊர்களில் மட்டும். செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் 100 கிலோமீட்டரில் டூம்ஸ்டோன் பூங்கா, கருங்கூர் மலைகள். பலர் இதுவரை வந்து திரும்புகிறார்கள், அதில் தவறே இல்லை. இஞ்சினியர் கிரீக்கில் இரும்பு கலந்த தண்ணீர் கல்லையெல்லாம் துருப்பிடித்த சிவப்பாக்கியிருக்கிறது. மேலே பாறை முகட்டில் பெரிக்ரின் வல்லூறு கூடு கட்டும். 405வது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம். பீல் ஆற்றிலும் மெக்கன்சி ஆற்றிலும் பாலம் கிடையாது, கோடையில் இலவசப் படகு. வெள்ளம், காற்று என்றால் படகு நின்றுவிடும், ஒரு நாள் கையில் உபரி வைத்திருங்கள்.

ரோட்டின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் மூன்று பேரோடு ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து டாசனுக்கு நாய்வண்டியில் கிளம்பினார். வழி காட்டிவந்த ஈசா ஜார்ஜ் என்ற குவிச்சின் இனத்தவரை இனி வேண்டாம் என்று பாதியில் அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்ப வேண்டிய ஓடை எது என்று தெரியவில்லை. நான்கு பேரும் பட்டினியிலும் குளிரிலும் இறந்தார்கள், கடைசியாக விழுந்தவர்கள் மெக்ஃபர்சனுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில். 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டுபிடித்தவர் கார்ப்பரல் டெம்ப்ஸ்டர். அவர் தேடப் போனபோது கூட ஒரு குவிச்சின் வழிகாட்டியை அழைத்துக்கொண்டு போனார்.

இனுவிக்கில் மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதில்லை. 2010ல் வினிபெக்கிலிருந்து லாரியிலும் படகிலும் கொண்டுவந்து இறக்கிய ஒரு குட்டி மசூதி இருக்கிறது. பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்தைக் வெளிச்சம் புகும் கூரை போட்டுக் காய்கறித் தோட்டமாக மாற்றியிருக்கிறார்கள், தக்காளி காய்க்கிறது. டக் வரை ரோடு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல்தான் வண்டி போகும். ஊரைச் சுற்றிப் பிங்கோ என்ற பனிக்கட்டி வயிற்றுக் குன்றுகள், பெரியது இப்யூக், 49 மீட்டர். கடலில் கால் நனைத்தேன். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

டெம்ப்ஸ்டரில் விலங்கு? இடம் பெரிது, விலங்கு பரவி நிற்கும். கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி, மூஸ், செந்நரி, ப்டார்மிகன் கோழி கிடைக்கும். பார்ப்பது பெரும்பாலும் தூரத்தில். ஆனால் மரமில்லாத வெளி என்பதால், ஒரு கிரிஸ்லி அரை மணி நேரம் கிழங்கு தோண்டிச் சரிவு முழுக்கக் கடப்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். எல்லோரும் கேட்கிற போர்க்குபைன் கரிபூ மந்தை, 2017 கணக்கெடுப்பில் 2,18,000, ஜூலையில் அங்கே இருக்காது. ஜூனில் அலாஸ்காவின் கடலோரச் சமவெளியில் குட்டி போட்டுவிட்டு, கோடையை வடமேற்கு மலைகளில் கழிக்கும். டெம்ப்ஸ்டர் பக்கம் இறங்குவது இலையுதிர்காலத்தில். அந்த மந்தை கடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ, அப்போதும் உத்தரவாதமில்லை. குவிச்சின் வேட்டைக்காரர்களும் அதற்காகத்தான் அப்போது காத்திருப்பார்கள். அது அவர்களுடைய ஆண்டுச் சாப்பாடு, இடைஞ்சல் பண்ணாதீர்கள்.

எந்த நேரத்தில் பார்ப்பது என்பது அடுத்தது. பகல் 11லிருந்து 5 வரை ஓட்டினால் காட்டை மட்டுமே பார்ப்பீர்கள். வடக்கே கோடையில் ராத்திரி 10, 11 மணிக்கும் வெளிச்சம். பகலில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, சாயங்காலம் 7 மணிக்குக் கிளம்பி 11 வரை 50, 60ல் ஊர்ந்து போங்கள். குளம் வந்தால் நிறுத்துங்கள், ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். மூஸ் தண்ணீருக்குள் தலையை விட்டிருக்கும்போது வெறும் மண்மேடு மாதிரிதான் இருக்கும். தலையைத் தூக்கி, தாடை வழியாகத் தண்ணீர் கொட்டும்போதுதான் தெரியும்.

நிறுத்துவதற்குச் சில முறைகள் உண்டு. கரடிக்கும் ஓநாய்க்கும் 100 மீட்டர், மற்றவற்றுக்கு 30 என்பது பூங்காத்துறை விதி. முழுவதும் ஒதுங்கி, வண்டியை விட்டு இறங்காமல், சில நிமிடத்தில் நகர்ந்துவிடுங்கள். மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். பிஸ்கட் போடுவது கூடவே கூடாது, நரிக்குக்கூட. ரோட்டில் கை நீட்டிப் பழகிய கரடியைக் கடைசியில் சுட வேண்டிவரும். கருங்கரடியா கிரிஸ்லியா என்பதை நிறத்தில் பார்க்காதீர்கள், கருங்கரடி பழுப்பிலும் உண்டு. தோள்பட்டையில் திமில் இருந்தால் கிரிஸ்லி.

விமானத்தில் போகிறவர்கள் கரடி ஸ்பிரேயை வைட்ஹார்ஸில் வாங்குங்கள், விமானத்தில் ஏற்ற முடியாது. பைக்குள் வைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள். கரடி 10 மீட்டருக்குள் வந்தால் அதன் மேல் அடிப்பதற்கு. கூடாரத்தில் தெளித்துக்கொள்கிற கொசு மருந்து இல்லை. இப்படி ஒருவர் செய்ததைக் கேள்விப்பட்டேன், அன்றிரவு அவர் தூங்கியிருக்க முடியாது. கரடி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள். மூஸ் துரத்தினால் மாத்திரம் ஓடி மரத்துக்குப் பின்னால் நில்லுங்கள்.

சாப்பாடு. வழியில் கிடைப்பது பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும். சைவம் என்றால் உருளைக்கிழங்கு மட்டும். நாங்கள் அடுப்பு, அரிசி, இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோவோம். இதில் ஒரே சிக்கல் மணம். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, அம்மாவின் தேங்காய் எண்ணெய், விபூதிச் சம்புடத்தோடு வைக்கும் வாசனைச் சந்தனம், எதுவும் கூடாரத்துக்குள் கூடாது. எல்லாம் கார் டிக்கியிலோ கேம்ப்பில் இருக்கிற கரடி புகாத இரும்புப் பெட்டியிலோ. என் மாமியாருக்கு இதைப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது. தலையில் தேய்த்திருக்கிற எண்ணெயை என்ன செய்வது என்று கேட்டார், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று முதல் அவருக்குக் கேபின் எடுத்தோம்.

கடைசியாக மாதம். ஜூன் என்றால் ரோட்டோரக் கரடி, கன்றுக்குட்டிகள், முடியாத பகல். ஜூலை என்றால் கொசு. முகத்துக்கு வலை இல்லாமல் ஒரு வேளை சாப்பிட முடியாது. ஆகஸ்ட் நடுவுக்கு மேல் கொசு குறைகிறது, டூம்ஸ்டோன் பக்கம் தரைச்செடிகள் குங்குமச் சிவப்பாகின்றன, ராத்திரி இருட்டத் தொடங்குவதால் வடதுருவ ஒளியும் தெரியலாம். உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் தேதியைப் பார்த்து, ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கிளம்பி மாதக் கடைசிக்குள் கால்கரி திரும்புகிற மாதிரி வையுங்கள். ஃபோர்ட் நெல்சனுக்கும் வாட்சன் லேக்குக்கும் நடுவில் மட்டும் போகும்போது இரண்டு ராத்திரி, வரும்போது இரண்டு ராத்திரி. லியார்டில் கூடாரம் போட இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.